கொக்குக்கு நீளமான ரோடு வேண்டும்

2025 ஜனவரி 9, வியாழன்

இன்றைக்கும் பத்துதான். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். டிஸ்பிளேயில் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். கம்பெனி சொன்னது பதினாலு. அத்தாவிடம் நான் அடித்துச் சொன்னதும் பதினாலு.

ஆனாலும் காலையில் கோவளம் கரையில் ஐஸ் பெட்டி ஏற்றும்போது பார்த்தேன் - கடல் இன்னும் விடியவில்லை, படகுகள் எல்லாம் கறுப்பாகக் கிடந்தன, கொக்கு மட்டும் தனியாக வெளிச்சம் மாதிரி நின்றது. கொக்கு என்றால் எங்கள் பிக்கப். வெள்ளை நிறம். முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தத் தோரணை. பெயர் வைத்தது நான். அத்தா வெறும் 'வண்டி' என்பார்.

வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பழைய வண்டி உட்கார்ந்தபோது, எது வாங்கலாம் என்று அத்தா என்னைத்தான் கேட்டார். கோவளத்திலேயே பிக்கப் வீடியோ பார்த்து வளர்ந்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். டார்க், டர்போ, ஆக்ஸில் ரேஷியோ எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். டீசல்தான், இதுதான், என்று சொன்னேன். வாங்கிவிட்டார்.

கரையிலிருந்து முட்டுக்காடு வரைக்கும் ஈசிஆர் ஓட்டல்களுக்கு மீன், இறால், ஐஸ். அவ்வளவுதான் எங்கள் ரவுண்டு. ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் அத்தா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். பக்கத்து வாசல் என்றாலும் அணைப்பார்.

"மைலேஜுன்றது வண்டில இல்லமா, ஓட்றவன் கால்ல கீது" என்பார்.

அப்படியென்றால் பத்து ஏன்?

ஜனவரி 12, ஞாயிறு

டேஷ்போர்டில் புதிதாக ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு பெட்டி, அதற்குள் புள்ளி புள்ளியாக. பார்க்க அழகாக இருக்கிறது. என்னவென்று தேட வேண்டும்.

ஜனவரி 13, திங்கள்

தேடிவிட்டேன்! மதியம் முழுக்கப் போனே கதி. அம்மா இரண்டு தடவை சோற்றுக்குக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள்.

கொக்கின் சைலன்சர் பாதையில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. டிபிஎஃப் என்று பெயர். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான பொந்துகள். புகையில் இருக்கிற கரியெல்லாம் அதில் தங்கிவிடும். நிறைந்துபோனால் வண்டி தானாகவே கூடுதலாக டீசல் பீச்சி, அறுநூறு டிகிரி வரை சூடேற்றி, அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். யாரும் சொல்ல வேண்டாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. ஓடிக்கொண்டே தன்னைக் கழுவிக்கொள்ளும் வண்டி! இதைப் படித்ததும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்ச் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

அதற்கு இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும், நல்ல வேகத்தில். அங்கேதான் சிக்கல். எங்கள் ரவுண்டில் நாலு நிமிடத்துக்கு ஒரு ஓட்டல். கொக்கு பாவம், ஒவ்வொரு முறையும் டீசலைக் கொட்டிச் சூடேற ஆரம்பித்திருக்கும். அத்தா சாவியைத் திருப்பியிருப்பார். குளித்துக்கொண்டிருக்கிற ஆளைச் சோப்பு நுரையோடு வெளியே இழுத்த மாதிரி. மறுபடி முதலிலிருந்து. மறுபடி டீசல். மைலேஜ் அங்கேதான் போயிருக்கிறது.

அத்தா மிச்சம் பிடிக்கப் பிடிக்க, அது செலவு செய்திருக்கிறது.

அவரிடம் சொன்னேன். வலை மூட்டையை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்போ சும்மா நிக்கறப்பவும் இன்ஜின் ஓடணுமா?"

"நிக்கவே கூடாது அத்தா. ஒரு நாள் தூரமா எங்கனா ஓட்டிகினு போயிட்டு வரணும்."

"எங்க?"

"எங்கனா."

"காலி வண்டிய?"

"ஆமா."

"டீசல ஊத்தி டீசல மிச்சம் பண்ணச் சொல்ற. போ, போயி சோறு துன்னு."

ஜனவரி 20, திங்கள்

முட்டுக்காட்டுப் பாலத்து மேல - நடுப் பாலத்து மேல - கொக்கு செத்துப் போச்சு. செத்துப் போகல. ஆனா செத்த மாதிரிதான். ஆக்ஸிலரேட்டர மிதிச்சா இருபதுக்கு மேல ஏறல. பின்னால அத்தினி ஹாரன். பஸ்காரன் தலைய வெளிய உட்டுத் திட்டறான். அத்தா வேர்த்து ஊத்திகினு ஸ்டீரிங்கயே பாக்கறாரு. என்னைப் பாக்கல. ஒரு தடவகூடப் பாக்கல.

பெட்டியிலேர்ந்து ஐஸ் தண்ணி சொட்டிகினே இருந்துச்சு.

மாமா மகன் தௌசிஃப் பைக்கில் வந்து, பெட்டிகளை இரண்டு இரண்டாக ஓட்டல்களுக்குக் கொண்டுபோனான். கடைசி நடை முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "இன்னாடி ஹாதியா, உன் கொக்கு பறக்குதா, நடக்குதா?" என்றான். அத்தா இருந்ததால் பிழைத்தான். இல்லாவிட்டால் ஐஸ் கட்டி பறந்திருக்கும்.

கீழே கழியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரிக்கிற சத்தம் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. உலகத்தில் எல்லோரும் மிதக்கிறார்கள், நாங்கள் மட்டும் பாலத்தில் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது.

ஜனவரி 22, புதன்

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி, நிற்க வைத்தே கரியை எரித்தார்கள். கொக்கின் அடிவயிற்றிலிருந்து வந்த சூட்டில் தரை நடுங்கித் தெரிந்தது, கானல் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அழகாகவும் இருந்தது.

அப்புறம் இன்னொரு விஷயம் சொன்னார்கள். இன்ஜின் ஆயில் கூடியிருக்கிறது. குறையவில்லை, கூடியிருக்கிறது! பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் அளக்கிற கம்பியை எடுத்து மோந்து பார்த்தேன். டீசல் வாடைதான். இப்படியே விட்டால் ஆயில் தண்ணியாகி இன்ஜினே தேய்ந்துபோகுமாம். ஆயில் மாற்றிக் கொடுத்தார்கள்.

"ஹைவேல ஓட்ட வேண்டிய வண்டி சார் இது" என்றான் அங்கே இருந்த பையன், அத்தாவிடம்.

அத்தா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

லிட்டருக்கு ஒன்பதரை.

பிப்ரவரி 7, வெள்ளி

மறுபடியும் அந்த விளக்கு. ஜும்மா முடிந்து வந்து அத்தா தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: "செங்கல்பட்டுல சீனுன்னு ஒருத்தன் கீறானாம். அந்த ஃபில்டர அறுத்துப் போட்டுட்டு வெறும் குழாய வச்சு வெல்டு பண்ணிடறானாம். தௌசிஃப் பேசிட்டான். அடுத்த வியாழன் போறோம்."

"அத்தா, அது தப்பு. புகை சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. வாரண்டி போயிடும்."

"வாரண்டி வந்து பாலத்துல தள்ளுமா?"



பிக்கப் ஓட்டுகிறவர்களின் டெலிகிராம் குரூப்பில் கேட்டுப் போட்டேன். பொலபொலவென்று பதில்கள். 'டெலிட் பண்ணு', 'அறுத்துப் போடு', 'ரெண்டு கிலோமீட்டர் கூடும் பாரு', 'இன்ஜின் மூச்சு விடும்', நெருப்புப் படங்கள். படிக்கப் படிக்க எனக்கே ஆசை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். பன்னிரண்டு கிடைக்கும். விளக்கு எரியாது. அத்தா என்னிடம் பழைய மாதிரி பேசுவார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் மாடிக் கொடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். "பழைய வண்டிய வாசல்ல ஸ்டார்ட் பண்ணா மாடி வரைக்கும் கரி வரும். துப்பட்டில பொட்டு பொட்டா உக்காரும். இது வந்தப்புறம் உக்காரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மடித்ததை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

எப்படி எழுதுவது இன்றைக்கு நடந்ததை. கை இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற மாதிரியே இருக்கிறது.

காலையில் லோடு முடித்துக் கிளம்பினோம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஈசிஆரில் தெற்கே. இடது பக்கம் கடல் சவுக்கு மரங்களுக்குள் ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது. மாமல்லபுரத்தில் அத்தா டீ குடிக்க நிறுத்தினார். டீயைக் குடித்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "எல் போர்ட எடுத்து ஒட்டு. இங்கேர்ந்து நீ ஓட்டு" என்றார்.

எல்எல்ஆர் வாங்கி இரண்டு மாதம். பெட்ரோல் பங்க் மைதானத்தைத் தாண்டி என்னை விட்டதே இல்லை! முட்டி வலியா, இல்லை, கடைசியாக முழுசாக இருக்கும்போது ஓட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாரா? கேட்கவில்லை. கேட்டால் மனசை மாற்றிக்கொள்வார்.

திருக்கழுக்குன்றம் ரோடு. நடவு முடிந்த வயல், ஏரி, மறுபடி வயல். தூரத்தில் மலை மேல் கோயில், முதலில் வலது பக்கம் தெரிந்தது, அப்புறம் நேர் எதிரே, அப்புறம் எங்களைச் சுற்றி வந்த மாதிரி இன்னொரு பக்கம். நாலாவது கியரில் வைத்து, ஆர்பிஎம் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டேன். யாரும் எங்கேயும் நிற்கச் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. கனமாக இருந்தது, பிறகு மெல்ல மெல்ல இளகியது. இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் கேட்காத சத்தம். தறிகெட்டு ஓடவில்லை, தானாக வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக ஏரிக் காற்று. நான் ஓட்டுகிறேனா, அது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று தெரியாத ஒரு நேரம். அப்படியே ரோடு முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ரோடு முடிந்ததும் அதை அறுக்கப் போகிறார்கள்.

செங்கல்பட்டு பைபாஸ் பக்கம் சீனுவின் ஒர்க்ஷாப். வாசலில் ஒரு குவியல். கறுத்துப்போன உருளைகள், அறுத்து எடுத்தவை. இறங்கிப் போய் ஒன்றைத் தூக்கினேன். கல் மாதிரி கனம். உள்ளே ஒரே பொந்து, பொந்து, பொந்து, அவ்வளவு நேர்த்தி. லேசாகத் தட்டினேன். உள்ளங்கை முழுக்கக் கரி, மை மாதிரி மிருதுவாக. இதெல்லாம் ஏதோ ஓர் ஊரின் காற்றுக்குப் போக வேண்டியது. யாரோ ஒருத்தியின் துப்பட்டிக்கு. அந்த வண்டி இப்போது எங்கே ஓடுகிறதோ.

"இன்னா பாய், எங்க லைட்டு?" என்று வண்டிக்குள்ளேயிருந்து சீனு கத்தினார்.

எட்டிப் பார்த்தோம். விளக்கு இல்லை.

"காலைல எரிஞ்சுதுபா! நான் கண்ணால பாத்தேன். கோவளத்துலேர்ந்து எரிஞ்சுகினுதான் வந்துது!"

சீனு மெஷினை மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கரியே இல்ல. மொத்தமா எரிஞ்சு போயிகீது. டாக்டராண்ட வந்ததும் ஜொரம் வுட்ட கேஸு. அறுக்கச் சொன்னா அறுத்துடுவேன், எனக்கென்ன. அப்புறம் மனசு கேக்கலன்னு வந்து நிக்கக் கூடாது."

அத்தா பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். சூடாகத்தான் இருந்திருக்கும். எடுக்கவில்லை.

அங்கே ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோதண்டராமன் என்று பெயர், பாலூர்ப் பக்கம். தினமும் கத்தரி, வெண்டை ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போகிறவர். அவருடைய பழைய வண்டியின் இன்ஜின் பிரித்துப் போட்டுக் கிடந்தது. அவர் எழுந்து வந்து கொக்கைச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது.

"பாய், இத்த அறுக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? குடுக்கறதுன்னா சொல்லுங்க. வண்டி எப்படி?"

அத்தா என்னைக் காட்டினார். "இவளக் கேளுங்க. வண்டி வெசயம்லாம் இவதான்."

மோசம் என்று சொன்னால் அவர் போய்விடுவார், கொக்கு எங்களோடே இருக்கும், நாளைக்கோ மறுநாளோ இங்கேயே வந்து அறுபடும். நல்லது என்று சொன்னால் -

"அண்ணா, தெனம் எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

"போவ வர நூத்தி இருவது இருக்கும்."

"நடுவுல நிறுத்துவீங்களா?"

"எங்கம்மா நிறுத்தறது? காய் வாடிப் போயிடும்."

சீனு ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "பாய், இது இன்னா பொண்ணு குடுக்கற மாதிரி மாப்ளையக் கேள்வி கேக்குது?"

நான் சொன்னேன். "நல்ல வண்டிண்ணா. உங்க ரோட்டுக்கு. எங்க ரோட்டுக்குத்தான் இது சரிப்படல. ஆயில் ஏறுது, விளக்கு எரியுது, ஒரு நாள் பாலத்துல நின்னுடுச்சு. உங்ககிட்ட ஓடும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அத்தாதான் ஓட்டினார். கோவளம் வரைக்கும் ஒரு இடத்திலும் இன்ஜினை அணைக்கவில்லை. டீக்கும் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏன்டி சொன்ன. வாய வச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்ல. வாரத்துக்கு ஒரு தடவ திருக்கழுக்குன்றம் போயிட்டு வந்தா போதுமே, எல்லாம் சரியாயிருக்குமே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், காலையிலிருந்து மூன்று விதமாக. அந்த ஒரு நாள் ஓட்டம் குடிக்கிற டீசல், ரவுண்டில் மிச்சமாகிறதைவிட அதிகம். அத்தா அன்றைக்கே கேட்டார், டீசல ஊத்தி டீசல மிச்சம் பண்ணவா என்று. வீடியோ எதுவும் பார்க்காமல் கேட்டார்.

கோதண்டராமன் போன் செய்தாராம். அத்தா சரியென்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொக்கை அழைத்துக்கொண்டு போகக் கோதண்டராமன் அண்ணா வந்தார், மனைவி சரோஜாவோடு. அவர்கள் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். அத்தா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. அம்மா சரோஜா அக்காவிடம் ஒரு கூடை சங்கரா மீன் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம கறியா மீனான்னு சண்ட நடக்கும், இன்னிக்கு முடிஞ்சுது" என்று அந்த அக்கா சிரித்தார்.

சாவி என் கையில் இருந்தது. அண்ணாவிடம் எல்லாம் மறுபடி சொன்னேன்: விளக்கு எரிந்தால் பயப்படாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள், சூட்டு வாடை வந்தால் அணைக்காதீர்கள், காய்ந்த சருகு மேல் நிறுத்தாதீர்கள், ஆயில் கம்பியை வாரா வாரம் பாருங்கள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இன்னும் எதுனா கீதாமா?" என்று கேட்டார்.

இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

பழங்கள் நசுங்குகிற சத்தம். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது. எங்கள் தெருவில் யாரும் இண்டிகேட்டர் போட மாட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு. புதிதாக வந்திருப்பது ஒரு சின்ன சிஎன்ஜி வண்டி. ஃபில்டர் இல்லை, கரி இல்லை, எத்தனை ஓட்டலில் அணைத்தாலும் கேட்காது. அத்தா நிம்மதியாகச் சாவியைத் திருப்பித் திருப்பி அணைத்துக்கொண்டிருக்கிறார். கேஸ் பங்க் வரிசையில் எங்கள் முறை மட்டும் ரம்ஜான் பிறை மாதிரி, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அழகான வண்டி என்று சொல்ல முடியாது. பெயர் வைக்கவில்லை. தௌசிஃப் 'டப்பா' என்கிறான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. தாகம்.

ஏப்ரல் 23, புதன்

செங்கல்பட்டில் டிரைவிங் டெஸ்ட், டிரைவிங் ஸ்கூல் வண்டியில். லோடுக்கு எங்கள் வண்டி வேண்டும் என்பதால் அதைத் தௌசிஃபிடம் விட்டுவிட்டு, நானும் அத்தாவும் பஸ்ஸில் வண்டலூர் போய் அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தோம். அத்தா நேற்றிலிருந்து எனக்கு ரிவர்ஸ் எடுப்பது பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் தண்டவாளமும் ஜிஎஸ்டி ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தன. வெயில் இன்னும் ஏறவில்லை. எல்லாம் லேசாகப் புகை படிந்த கண்ணாடி வழியாகத் தெரிவது போல இருந்தது - மரங்கள், லாரிகள், பால் வண்டி. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அத்தா என் முழங்கையை இடித்தார்.

ரோட்டில், எங்களுக்கு நேராக, வெள்ளையாக. பின்னால் காலிக் கூடைகள் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தது. கோயம்பேட்டிலிருந்து வீடு திரும்புகிறது. ரயிலோடு சமமாகவே வந்தது, முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. நடுவில் ஒரு மரவரிசை வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. சக்கரங்கள் தரையைத் தொடாத மாதிரி ஓட்டம். இங்கிருந்து சத்தம் கேட்க வழியில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

பரனூருக்காக ரயில் வேகம் குறைத்தது. கொக்கு குறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய், சின்னதாகி, வெயிலுக்குள் போய்விட்டது.

அத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது போன பக்கமே பார்த்தார்.

"எவ்ளோ குடுக்குதாம்?" என்று கேட்டார், கட்டிக் கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிக்கிற குரலில்.

"பதினஞ்சு. போன வாரம்தான் அண்ணா மெசேஜ் போட்டாரு."

"பதினஞ்சா!"

எதிர் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தா அவரிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இப்போ போச்சே ஒரு வெள்ள வண்டி, பாத்தீங்களா சார்? எங்க வண்டி. என் பொண்ணுதான் பாத்து எடுத்தா."